விளக்கு வைத்த படம்

முழங்காலில் இடிக்கிறதா அம்மா? கொஞ்சம் பொறுங்க, நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன். கண்டக்டர் மேலே போடச் சொன்னார். மேலே போட்டால் கூடையும் மூட்டையும் உரசிக் கீறல் விழும். விழுந்தால்தான் என்ன, இனிமேல் இதை யார் பார்க்கப் போகிறார்கள். இருந்தாலும் மனசு வரவில்லை. பழைய சேலையைச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். உங்கள் மேல் ஒன்றும் ஒட்டாது.

போர்டு அம்மா. கடைக்கு மேலே மாட்டுகிற பெயர் போர்டு. நான் செய்தது.

நானேதான். எல்லோரும் இப்படித்தான் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாங்க, ஒரு தடவை என் கையைப் பார்ப்பாங்க. எனக்கு அப்போதெல்லாம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

நீங்கள் கடையநல்லூரா? அப்படியானால் சரி. நான் புளியங்குடியில் இறங்கிவிடுவேன். நாம் இரண்டு பேரும் இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் பேச வருகிறது என்று நினைக்கிறேன். மற்றபடி நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. வீட்டில் இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை என்றாலும் யாருக்கும் தெரியாது.

மணி என்ன அம்மா? மூன்றரையா. ஆறு மணிக்குக் கட்டிடக்காரர், கடையை எனக்கு வாடகைக்கு விட்டவர், வீட்டுக்கு வருகிறார். கடையை என் பெயரிலிருந்து மாற்றி அக்கா பெயருக்கு எழுதணும். நான் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுக்கணும். அதற்குள் போய்விடலாம்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, கோமதி அக்கா. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அம்மா நான் ஏழாவது படிக்கும்போது தவறிட்டாங்க. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு ராஜபாளையம் பக்கம் இருக்கிறார். நான் எட்டாவதோடு நின்றேன். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கோட்டயத்தில் பரோட்டாக் கடையில் மாஸ்டர். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வருவார். நான் அவருடைய அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு எல்லாம் கோமதி அக்காதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கும்போது தப்பாக நினைத்துவிடக் கூடாது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஸ்டிக்கர் கடை இருந்தது. அங்கே உரிக்கிற வேலைக்கு ஆள் கேட்டார்கள். அதில்தான் ஆரம்பித்தேன்.

உரிக்கிற வேலை என்றால் வெங்காயம் இல்லை அம்மா. எல்லோரும் சிரிப்பாங்க. வண்டியில் நம்பர் ஒட்டியிருக்கும் பாருங்க, பஸ் கண்ணாடியில் சாமி பெயர், அந்த ரேடியம் ஸ்டிக்கர். மெஷின் எழுத்தைச் சுற்றிக் கோடு மட்டும்தான் வெட்டும். எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நாம் உரித்து எடுக்கணும். பெரிய எழுத்து சுலபம். சின்ன எழுத்தில்தான் வேலை. மூன்று சுழி ண இருக்கிறதே, அந்தச் சுழிக்குள்ளே கடுகளவு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை ஊசி முனையால் கிள்ளி எடுக்கணும். கொஞ்சம் அசந்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். முதல் ஒரு வாரம் நான் எழுத்தையே உரித்து எறிந்துகொண்டிருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. வேண்டாததை எல்லாம் எடுத்த பிறகு எழுத்து மட்டும் தனியாக நிற்கும். அதைப் பார்க்க எனக்கு ஒரு இது.

தலையைக் குனிந்தே செய்கிற வேலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, அவள் நின்றுவிட்டாள். முதலாளி என்னைப் பார்த்து, "நீ உக்காரு பாப்போம்" என்றார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். படம் வைப்பது, எழுத்தை வளைப்பது, நிழல் கொடுப்பது எல்லாம் அவள் செய்யும்போது ஓரக்கண்ணால் பார்த்ததுதான். பிறகு முதலாளி திருநெல்வேலியில் பெரிய கடை வைக்கப் போனார். வெட்டுகிற மெஷினையும் பழைய கம்ப்யூட்டரையும் விலை குறைத்து எனக்கே தருகிறேன் என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு கையை விரித்தால் சுவர் தட்டும். அதுவும் காலியாக இருந்தது.

அத்தான், அதுதான் அக்கா வீட்டுக்காரர், கூடவே கூடாது என்றார். பொம்பளை பஸ் ஸ்டாண்டில் கடை வைப்பதா என்றார். அக்காதான் எனக்காகப் பேசினாங்க.

"அவ என்ன மேடை ஏறி ஆடவா போறா? உள்ள உக்காந்து ஸ்டிக்கரு ஒட்டப் போறா. உங்க தம்பிக்கு ஒத்தாசையா இருக்கும்லா."

"பிள்ளையை யாரு பாக்கது?"

"நான் பாக்கேன். எனக்கு என்ன, ரெண்டோட மூணு."

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. யார் இப்படிச் சொல்வாங்க? நான் அன்றைக்கு அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். கோமதி ஆர்ட்ஸ் என்று வை, சங்கரன்கோயில் கோமதி அம்மன் துணை நிற்கும் என்றாங்க. சாமி பெயர்தானே. அக்கா பெயரும் அதுவாக இருப்பதற்கு யார் என்ன செய்ய முடியும். இப்போது பாருங்க, கடை கைமாறும்போது போர்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

முதல் போர்டு ஒரு இட்லிக் கடைக்குச் செய்தேன். லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நடத்துகிற கடை. போர்டு மாட்டி மூன்று மாதத்தில் பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துவிட்டாங்க. அடுத்து ஒரு செல்போன் கடை. அதுவும் நன்றாக ஓடியது. அப்புறம் எங்கள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளைக்குக் கைராசி, முதல் எழுத்தை அந்தப் பிள்ளை கையால் ஒட்டச் சொல்லு என்று. புதுக்கடைக்காரர்கள் நல்ல நேரம் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்து, என்னைக் கூப்பிடுவார்கள். ஊரே நிற்கும். எனக்கு வியர்த்து ஊற்றும். சோப்புத் தண்ணீர் தெளித்து முதல் எழுத்தை ஒட்டி, அட்டையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவேன். அதுவரைக்கும் குருசாமி பெண்டாட்டி என்றுதான் எனக்குப் பெயர். அந்தச் சமயத்தில்தான் போர்டுக்காரப் பிள்ளை என்றார்கள்.

நாலு மாதம். அந்தப் பெயர் இருந்தது நாலு மாதமும் பத்து நாளும்.

அப்புறம் அந்தச் சடங்கு வீட்டு பேனர் வந்தது.

வெள்ளத்துரை அண்ணாச்சி என்று எங்கள் ஊரில் ஒருத்தர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் பெரியவளானாள். மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். நல்ல பெரிய பேனர், பதினாறு அடி. நாங்கள் படம் எல்லாம் அடுக்கித் தென்காசிக்கு அனுப்பினால் அங்கே அச்சடித்து பஸ்ஸில் போட்டுவிடுவாங்க. அடுக்குகிறதுதான் வேலை. நீங்களும் பார்த்திருப்பீங்க. நடுவில் பிள்ளை. ஒரு பக்கம் தாய் தகப்பன். தாய்மாமன் படம் மற்ற எல்லோரையும் விடப் பெரிதாக இருக்கணும், அவர் சீர் கொண்டு வருகிறவர், அவர் தலை சின்னதாகிவிட்டால் சண்டை. வீட்டில் இறந்துபோன பெரியவர்களை மேலே ஒரு மூலையில், வட்டத்துக்குள், பூ வளையம் போட்டு, கீழே ஒரு விளக்கு எரிகிற மாதிரி வைக்கணும். அவர்கள் மேலே இருந்து வாழ்த்துகிற மாதிரி. இது பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை.

படங்களை அக்காதான் போய் வாங்கிவந்து போனில் எனக்கு அனுப்பினாங்க. எனக்கு ஆர்டர்க்காரர் வீட்டுக்குள் போய் நிற்கக் கூச்சம். அதில் ஒரு படம், சுவரில் மாட்டிய ஃபிரேமைப் போனில் எடுத்தது. மீசை வைத்த ஒரு ஆள். கண்ணாடி மேலே சந்தனப் பொட்டு இருந்தது. பொட்டு இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். சில வீட்டில் ஆயுத பூசைக்கு வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவாங்க, மிக்ஸிக்கும் வைப்பாங்க. அதனால் அக்காவைக் கேட்டேன். போனில் எழுதிக் கேட்டேன். மீசைக்காரர் இருக்காரா, இல்லையா என்று.

அக்கா பேசிப் பதிவு செய்து அனுப்பினாங்க. "அவரு போயி ஒரு வருசமாச்சு. விளக்கு வச்சிரு."

வைத்தேன்.

அவர்தான் தாய்மாமன். உயிரோடு இருக்கிறார். இந்தச் சங்கரன்கோயிலில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், திருமலைக்குமார் அண்ணாச்சி.

நீங்கள் வாயில் கை வைக்கிறீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்க. பேனரை அதிகாலையில் கட்டிவிட்டார்கள். பத்து மணிக்கு அக்கா மூச்சு வாங்கக் கடைக்கு ஓடி வந்தாங்க.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க. குத்துக்கல்லு மாதிரி இருக்க மனுசனைக் கொண்டுபோயி விளக்குக்குள்ள வச்சிருக்கியே. சீர்த் தட்டோட வந்தவரு பேனரைப் பாத்துட்டு தெருமுனையிலயே திரும்பிட்டாரு."

"நீங்கதானக்கா சொன்னீங்க."

"நான் அந்தத் தாத்தா படத்தைச் சொன்னேன். நீ எதை எதுல வச்ச?"

பிள்ளை, தாய் தகப்பன் போக மூன்று படம் அனுப்பியிருந்தாங்க, மாமன் இடத்தில் நான் பெரிதாக வைத்தது வேறொருவர் படம். நான்தான் மாற்றி எடுத்துக்கொண்டேன் போல. அந்தப் பதிவை மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று அன்றைக்கு மத்தியானம் போனைத் திறந்தேன். அழித்திருந்தது. அக்காவே அழிச்சிட்டாங்க. நான் திரும்பத் திரும்பக் கேட்டு அழக்கூடாது என்று செய்திருக்காங்க. அந்த நிலைமையிலும் என்னை நினைச்சிருக்காங்க பாருங்க.

நான் போய் வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "நீ அந்தப் பக்கமே தலையைக் காட்டாத. வெட்டிருவாவ. நான் போயி கால்ல விழுந்து பேசிக்கிடுதேன்" என்று அக்கா என்னை உள்ளே தள்ளிவிட்டுப் போனாங்க. எனக்காக யாரோ ஒருத்தர் காலில் விழப் போனவங்க அம்மா அவங்க.

பத்து நாள் கழித்து, அந்த மாமாவுக்குக் காய்ச்சல், படுத்த படுக்கை என்று அக்கா சொன்னாங்க. அதோடு போச்சு. அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறவருக்கு விளக்கு வைத்தாள், அவர் படுத்துவிட்டார், அவள் கை ஆகாத கை. பஸ் ஸ்டாண்டே பேசுகிறது என்று அக்கா சொன்னாங்க. நான் என் காதால் கேட்கவில்லை. நான் எங்கே கேட்கிறேன், குனிந்தே இருக்கிறவள்.

அப்புறம் அக்கா ஒரு வழி சொன்னாங்க. கடைக்குள் ஒரு திரை கட்டலாம். நீ உள்ளே இருந்து வேலையைப் பாரு, நான் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் வாங்குகிறேன். உன் கை பட்டது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். காலையில் பிள்ளை அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தது, அதனால் அவங்களால் வர முடிந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆர்டர்க்காரரிடம் பேசுகிற வேதனை விட்டது. திரைக்குப் பின்னால் நானும் மெஷினும் ஊசியும். போர்டு போகும், யாரோ நல்ல நேரம் பார்ப்பார்கள், அக்கா போய் முதல் எழுத்தை ஒட்டிவிட்டு வருவாங்க. பொட்டும் பூவுமாக அவங்களுக்கு அதெல்லாம் அழகாக வரும். என்னைப் போல வியர்க்காது.

ஒரு நாள் ஒரு ஆள் வந்தார். புதிதாக உரக்கடை வைக்கிறாராம். திரைக்குப் பின்னால் எனக்கு அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

"போர்டுக்காரப் பிள்ளை இல்லையா? அந்தப் பிள்ளை கையால முத எழுத்து ஒட்டணும்னு எங்க வீட்டுல சொன்னா."

"அவ கடையை விட்டுட்டா அண்ணாச்சி. வீட்டோட இருக்கா. இப்ப எல்லாம் நான்தான்."

நான் ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அந்த மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருக்காது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு தெரியவந்தால் நெஞ்சு பதறும். அக்கா அவரைக் காப்பாற்றினாங்க, என்னையும் காப்பாற்றினாங்க. நான் மூச்சுச் சத்தம் கேட்காமல் நின்றேன். அவர் போன பிறகு அக்கா திரையை விலக்கி, "கேட்டியாட்டி, எப்படியெல்லாம் சமாளிக்க வேண்டியிருக்கு" என்றாங்க.

போன மாதம் அக்காவே மெல்லச் சொன்னாங்க. எத்தனை நாள் இப்படி ஒளித்து வைப்பது, கடை உன் பெயரில் இருக்கிற வரைக்கும் அந்தத் தோஷம் கடையை விடாது, என் பெயருக்கு எழுதிவிடு, நீ நிம்மதியாகப் பிள்ளையைப் பாரு என்று. அவரும் கோட்டயத்திலிருந்து போனில், "அண்ணி சொல்லுத மாதிரி செய்யி" என்றார். சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி சொல்லாமல் இருந்தேன்?

ஆனால் இரண்டு வாரமாக எனக்குத் தூக்கம் போய்விட்டது அம்மா. அந்த அறை இல்லை என்றால் நான் எங்கே போய் உட்காருவேன் என்று. சமையல்கட்டில் நான் நிற்கும்போது நான் யார் என்று எனக்கே தெரியாது. அந்த மெஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தால்தான் ஒரு ஆள் மாதிரி இருக்கும். அப்போது ஒரு நினைப்பு வந்தது. அந்த மாமாவை நேரில் பார்ப்போம். காலில் விழுவோம். அவர் வாயால், போ தாயி, மன்னிச்சிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கைத் தோஷம் போய்விடும். போய்விட்டால் கடையை எழுதிக்கொடுக்க வேண்டாமே. அக்காவே சந்தோஷப்பட்டுச் சாவியைத் திருப்பிக் கையில் வைப்பாங்க என்று நினைத்தேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது. மிச்சம் கிடந்த தகட்டில் அவருக்கு ஒரு போர்டு செய்தேன். 'திருமலைக்குமார் வாடகைப் பாத்திரக் கடை'. சிவப்புக்கு மஞ்சள் ஓரம். இதுவரைக்கும் நான் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்தது.

காலையில் அக்காவிடம், சங்கரன்கோயில் போய்விட்டு வருகிறேன் என்றேன். "கோயிலுக்குத்தானே, போயிட்டு வா, மனசுக்கு நல்லது. பிள்ளையை நான் பாக்கேன்" என்றாங்க. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய் இல்லையே அம்மா.

கேட்டுக் கேட்டு அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். அண்டாவும் குண்டாவும் அடுக்கியிருக்கிற இடத்துக்கு நடுவில் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதே மீசை.

"வா தாயி. எத்தனை பேருக்குச் சமையலு?"

வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டுச் சடங்கு, பேனர், என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. பிறகு அழுகைதான் வந்தது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரிப்பென்றால் அண்டாவெல்லாம் அதிர்ந்தது. உள்ளே பார்த்து, "ஏ பாக்கியம், இங்க வா. என்னை மேல அனுப்பி வச்ச பிள்ளை வந்திருக்கு. திரும்ப எப்ப கூட்டிட்டுப் போகுதுன்னு கேளு" என்றார். அவர் பெண்டாட்டி கலர் சோடா வாங்கிக் கொடுத்தாங்க. குடி தாயி, இந்த மனுசன் கிடக்கார் என்று.

"தெருமுனையில திரும்பிப் போனீங்கன்னு..." என்றேன்.

"யாரு நானா? சீர் கொண்டுபோனவன் திரும்பி வந்தா என் தங்கச்சி என்னை உண்மையிலேயே விளக்குக்குள்ள வச்சிருவாள்லா." போனை எடுத்துக் காட்டினார். அந்தப் பேனருக்குக் கீழேயே நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு, தன் விளக்குக்குக் கீழே தானே நிற்கிறார். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வெள்ளத்துரை அண்ணாச்சியும் சிரிக்கிறார்.

"காய்ச்சல்னு..."

"எனக்கா? இந்த வருசம் எனக்கு ஒரு தும்மல் வரல தாயி."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் மறைத்துப் பேசுகிறார். அவர் பெண்டாட்டியும் சேர்ந்து மறைக்கிறாங்க. போட்டோ? போட்டோவுக்கு எல்லோரும் சிரிக்கத்தானே செய்வாங்க.

நான் சேலையை அவிழ்த்துப் போர்டைக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அடடா. நீ மேல பாக்கலையா தாயி" என்றார்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கடைக்கு மேலே புதுப் போர்டு. போகும்போது நான் குனிந்தே போனதில் பார்க்கவில்லை. ஒரு பெரிய அண்டா, அதன் காதில் ஒரு மாவிலை. நான் வரைந்த அண்டா. போன மாதம் அக்கா, ஒரு பாத்திரக் கடைக்கு, பெயரை அப்புறம் தனியாக ஒட்டிக்கிடலாம், படத்தையும் மற்ற எழுத்தையும் வெட்டிக் கொடு என்றாங்க. வாடகைப் பாத்திரக் கடை என்கிற அத்தனை எழுத்தையும் திரைக்குப் பின்னால் நான்தான் உரித்தேன்.

"உங்க அக்காதான் வந்து மாட்டிக் குடுத்துச்சு. நீ தொழிலை விட்டுட்டதாச் சொல்லி, இனிமே எல்லா ஆர்டரும் எங்கிட்ட சொல்லுங்கன்னு நம்பரும் குடுத்துச்சு. எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அந்த நம்பரைத்தான் குடுத்திருக்கேன். சும்மா சொல்லக் கூடாது தாயி, என்ன கைராசி அது. போர்டு மாட்டுன நாள்லேருந்து ஒரு அண்டா கடையில தங்கல."

அந்த எழுத்தை உரித்தது நான் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தெரிந்தால் மறுபடி பயந்துவிடுவாரோ என்று. நன்றாக ஓடுகிற கடையில் நான் எதற்கு வாயைக் கொடுக்கணும். அக்கா முந்திக்கொண்டாங்க, அவ்வளவுதான். என் சார்பில் மன்னிப்பாக அவங்களே ஒன்று செய்து கொடுத்திருக்காங்க, என்னிடம் சொல்லிக் காட்டக்கூட இல்லை. ஒரே கடைக்கு இரண்டு போர்டு எதற்கு. திரும்பவும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் அம்மா ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீங்க? இவ்வளவு நேரம் உச்சுக் கொட்டிக்கொண்டு வந்தீங்க.

வேண்டாம். நீங்கள் என்ன சொல்ல வருகிறீங்க என்று தெரிகிறது. வேண்டாம் அம்மா. அதை வாயால் சொல்லிவிடாதீங்க.

சரி. சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் எட்டாவது வரைக்கும் படித்தவள்தான். கூட்டிப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. கூட்டிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்திவிட்டேன். விடை வந்துவிட்டது என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் அண்ணனைக் கேட்பார். அண்ணன் அக்காவைக் கேட்பார். எங்கே சுற்றினாலும் அக்காவிடம்தான் வந்து நிற்கும். அது மட்டும் உண்மை என்று ஆகிவிட்டால், இன்றைக்குச் சாயங்காலம் நான் எந்த வீட்டில் போய் உலை வைப்பது, சொல்லுங்க. என் பிள்ளை இப்போது யார் இடுப்பில் இருக்கிறது? கை தோஷமுள்ள கை என்றே இருந்துவிட்டால் ஒரு கடையோடு போய்விடும். இந்த இன்னொன்று வந்தால் வீடும் சேர்ந்து போய்விடும்.

அதனால் நான் மாற்றித்தான் எடுத்துக்கொண்டேன் அம்மா. மூன்று படத்தில் மாற்றி எடுத்துவிட்டேன். தப்பு என் பேரில்தான்.

எலுமிச்சைத் தோட்டம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நிறுத்தம்தான்.

ஒரு உதவி செய்வீங்களா? இதை நீங்களே கொண்டுபோயிருங்க. வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கே மாட்டப் போனாய் என்று கேட்பாங்க. நல்ல தகடு, துருப் பிடிக்காது. திருப்பிப் போட்டால் எழுத்துத் தெரியாது. கோழிக்கூட்டுக்குக் கூரையாக வைக்கலாம், தண்ணித் தொட்டிக்கு மூடியாக வைக்கலாம். எழுத்து உறுத்தினால் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு, ஓரத்தில் நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுங்க. முழுசாக வந்துவிடும். நான் ஒட்டினது கிழியாது.

அதோ நிற்கிறாங்க பாருங்க, டீக்கடை நிழலில். பச்சைச் சேலை. பிள்ளையை வெயில் படாமல் முந்தானையால் மூடி வைச்சிருக்காங்க. என்னைக் கூப்பிட்டுப் போக பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருக்காங்க. கட்டிடக்காரர் முன்னாலேயே வந்துவிட்டார் போல.

நான் வாறேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்க அம்மா. ஜன்னல் வழியாக அவங்களை இப்படிப் பார்க்காதீங்க. எனக்காகத்தான் பார்க்கிறீங்க, தெரிகிறது. அவங்களுக்கும் தெரிந்துவிடும். பஸ்ஸில் யாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.